பகாவிலிருந்து தும்பாட்டுக்குத் தனியாக ரயிலேறலாமா?

செம்பனைக் கிராணி

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பட்டணத்துக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு, பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) அம்மாவும் நானும் குடிவந்துவிட்டோம். செம்பனை ஆலை ஒன்றில் 12 ஆண்டுகளாகக் கணக்குக் கிராணியாக வேலை செய்கிறேன்.

எங்கள் லயத்துக்குப் பின்னால், பால்காட்டைத் தாண்டியதும், கெமாஸிலிருந்து தும்பாட்டுக்குப் போகும் ஒற்றைத் தண்டவாளம் இருந்தது. இரவு வண்டியின் ஊதல் கேட்காமல் நான் தூங்கிய நாள்கள் குறைவு. அந்த வண்டி எங்கே போய் நிற்கும் என்று சிறு வயதில் கேட்டால், "கிளந்தான்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். ஆனால் கிளந்தானுக்குப் போய் வந்தவர் என்று எங்கள் லயத்தில் ஒருவர்கூட இல்லை. என் பாட்டி கடைசி வரை ரயிலில் கால் வைத்ததில்லை. காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பத்துமலைக்கும் பினாங்குக்கும் கோயில் குழுவோடு பஸ்ஸில் போயிருக்கிறேன். திருமணங்களுக்குச் சிரம்பானுக்கும் ஈப்போவுக்கும் உறவினர் காரில் போயிருக்கிறேன். எங்கே இறங்குவது, எப்போது சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை ஒரு முறையாவது நான் முடிவு செய்ததாக நினைவில்லை. இந்த ஆண்டு எனக்கு நான்கு நாள் விடுமுறை மிச்சமிருக்கிறது. அந்த நான்கு நாளில் பகாவில் ஏறித் தும்பாட் வரை போய்த் திரும்ப வேண்டும் என்றும், தனியாகவே போக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

அம்மா "போகாதே" என்று சொல்லவில்லை. "யாரோடு போகிறாய்?" என்று மட்டும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நான் பதில் சொல்கிறேன். மறுநாள் அதே கேள்வியை, முதன்முறை கேட்பது போலவே மீண்டும் கேட்கிறார். அக்கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கே அச்சம் பிடித்துவிட்டது. அறைக் கதவை இரவில் யாரேனும் தட்டினால் என்ன செய்வது, முன்பின் தெரியாத கடையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது, நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் மனம் ஓடுகிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. இத்தனை பேச்சுக்குப் பிறகு போய்வந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டால் நான் என்ன செய்வேன்?

தனியாகப் பயணம் செய்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், உள்ளதை உள்ளபடி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோல பிலா ஆசிரியை

மகளே, வணக்கம். தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் மறைந்து ஓராண்டு கழித்து, 57ஆம் வயதில், நீங்கள் சொல்லும் அதே வண்டியில் பகாவில்தான் தனியாக ஏறினேன். ஆகவே இதற்குப் பதில் எழுதும் உரிமை எனக்குச் சிறிது உண்டு என்று நினைக்கிறேன்.

நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கிளந்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு தமிழ்ப்பள்ளிதான் இருக்கிறது. அது கோல கிராய் வட்டாரத்தில் உள்ள பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. பணியில் இருந்த காலமெல்லாம் அந்தப் பெயரைப் பட்டியல்களில் பார்த்து வந்தேன். நம் நெகிரி செம்பிலானில் ஒரு பள்ளிக்கு மாணவர் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியோடு பேசிப் பார்க்கலாம். மாநிலத்திலேயே ஒன்றாக இருக்கும் பள்ளி எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். என் கணவர் இருந்தவரை, "அவ்வளவு தூரம் போய் ஒரு பள்ளிக்கூடத்தையா பார்ப்பது?" என்பார். அவர் சொன்னதும் நியாயமே. ஆனால் ஒருவருக்கு மட்டும் முக்கியமாக இருக்கும் ஒன்றைப் பார்ப்பதற்கு, அந்த ஒருவர் தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

முதல் இரவைப் பற்றி உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். நான் தூங்கவே இல்லை. கீழ்ப்படுக்கையில் திரையை இழுத்துவிட்டு, கைப்பையைத் தலைக்கு அடியிலும் செருப்பைக் காலுக்கு அருகிலும் வைத்துக்கொண்டு, நடைபாதையில் கேட்ட ஒவ்வொரு காலடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு முறை திரை அசைந்தபோது நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. மேல்படுக்கையில் இருந்த பெண் தன் குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துச் செல்ல இறங்கியிருந்தார், அவ்வளவுதான். விடியும் வேளையில் குவா மூசாங்கில் வண்டி நின்றபோது, நிலையத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று ஒன்று பனிக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளிவந்தது. அதைப் பார்த்ததும் பக்கத்தில் திரும்பி "பாருங்களேன்" என்று சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த ஒரு கணம் எனக்கு மிகவும் வலித்தது. தனிப்பயணத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பலர் இந்த வலியைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் வலித்து முடிந்த பிறகு அந்தக் குன்றை வெகுநேரம் பார்த்தேன். யாரேனும் உடன் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பசியாற எதை வாங்கலாம் என்ற பேச்சுக்குப் போயிருப்போம்.

ஒற்றை ஆளாகச் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கோத்தா பாருவில் நான் நுழைந்த முதல் கடையில், "ஸெஓராங் சாஜா?" என்று அந்த மலாய்க்கார அம்மா கேட்டார். ஒரு ஆள்தானா என்பது அவர் கேள்வி. உங்கள் அம்மா கேட்கும் அதே கேள்வியை வேறு மொழியில் கேட்டது போல் இருந்தது எனக்கு. "ஆம், ஒரு ஆள்தான்" என்று சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு நாசி கெராபு சோறு கொண்டுவந்து வைத்தார். அவ்வளவோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது! வீட்டில் 57 ஆண்டுகளாக முடியாத கேள்வி அது.

பிறகு சித்தி கதீஜா சந்தைக்குப் போனேன். அங்கே கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மஞ்சளும் கருவாடும் துணியுமாகப் பரப்பிவைத்து, மேடைமேல் சம்மணமிட்டு அமர்ந்து வியாபாரம் செய்வார்கள். மேல்மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோல பிலா பாசாருக்குப் போனால் பத்தடிக்கு ஒருவர் "டீச்சர், உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள், நான் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு அது ஒரு பாதுகாப்பு. அதையே விட்டுவிட்டு, முகம் தெரியாத ஊரில் நிற்பதுதான் நம் அச்சத்துக்கெல்லாம் வேர். ஆனால் அந்த மாடியில் நின்றபோது எனக்குக் கிடைத்த நிறைவுக்கும் அதுவேதான் காரணம். அங்கே நான் யாருடைய யாரும் இல்லை. ஒரு கிழவி சந்தையை வேடிக்கை பார்க்கிறாள், அவ்வளவே.

பாசிர் காஜா பள்ளியையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுதினால் திசை மாறிவிடும். வேறொரு நாள் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அம்மா பால் வெட்டியவராக இருந்தால், விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்கு, தனக்கென ஒதுக்கிய மரவரிசைக்கு, தனியாகப் போனவராகத்தான் இருப்பார். பாம்பும் காட்டுப்பன்றியும் உலவும் இருட்டில் பக்கத்து நிரைக்காரியின் விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியும், வேறு துணை இருந்திருக்காது. "யாரோடு போகிறாய்?" என்று அன்றைக்கு அவரை யாரும் கேட்டதில்லை. பிழைப்புக்காகத் தனியாகப் போனால் கேள்வி இல்லை, மனத்துக்காகப் போனால் மட்டும் கேள்வி வருகிறது. அவருக்கும் முன்னால், நம் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தனியாகக் கடலையே கடந்து வந்தவர்கள். இதை அம்மாவிடம் சண்டையாக இல்லாமல், அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். கீழ்ப்படுக்கை கிடைத்தால் எடுங்கள். முதல் நாள் தங்கும் அறையை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாள்களுக்கு அங்கே போய் ஊரைப் பார்த்து முடிவு செய்யலாம். புதிய ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குவது போல் திட்டமிடுங்கள். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிடாதீர்கள்; நான் மறந்துபோய், வேலை இருந்த அலுவலகத்தின் மூடிய கதவின் முன் நின்றேன்.

திரியாங் லோரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நான் இருபது ஆண்டுகளாக இரவில் லோரி ஓட்டுகிறேன். பஸ் நிலையங்களிலும் எண்ணெய் நிலையங்களிலும் இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறவன். பெண்பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆள் பையைப் பார்த்துக்கொள்ள, ஒரு ஆள் கழிவறைக்குப் போக என்று இரண்டு பேராகப் போவதில் என்ன குறை? என் தங்கை கேட்டிருந்தால், ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

கோல பிலா ஆசிரியை

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. குறை எதுவும் இல்லை. ஆனால் தோழிக்கு விடுமுறை கிடைக்கும் நாளுக்கும் தோழியின் கணவர் சம்மதிக்கும் நாளுக்கும் காத்திருந்து, போகாமலே நின்றுபோன பயணங்கள் என் வாழ்க்கையிலேயே நான்கைந்து உண்டு. கழிவறைக்குப் போகும்போது கைப்பையை உடன் எடுத்துச் செல்லலாம், துணிப்பையை இருக்கைக் கம்பியோடு பூட்டி வைக்கலாம். உங்கள் தங்கை கேட்டால், முதலில் அந்தப் பூட்டை வாங்கிக் கொடுங்கள்.

பழைய கேடிஎம் ஊழியன்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தகப்பனாரும் ரயில்வேயில், இதே கிழக்குக் கரைப் பாதையில் வேலை பார்த்தவர்கள். அவர் தண்டவாளக் கூட்டத்தில், நான் நிலையங்களில். எனக்கு இப்போது 71 வயது. பயண ஆலோசனை சொல்ல நான் தகுதியானவன் இல்லை. ஆனால் கேள்வி கேட்ட அம்மா தம் பாட்டியைப் பற்றி எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஆசிரியை அவர்கள் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். நம் பாட்டிமார் தனியாகக் கடல் கடந்தார்கள் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடந்தது அப்படியில்லை. கங்காணி ஊரில் ஆள் கட்டி, ஒரு கூட்டமாகத்தான் கொண்டுவந்தார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் வைத்திருந்து கப்பலேற்றினார்கள். இங்கே வந்து இறங்கியதும் தனிமைப்படுத்தும் முகாம், அதன்பின் நேராகத் தோட்டம். கூலி வேலைக்கு இப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தும் வரை இதுதான் வழக்கம். எங்கே போவது, எந்தத் தோட்டத்தில் இறங்குவது என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. அவர்கள் பட்டது பெரும்பாடு. அதைத் தனிப்பயணம் என்று சொன்னால் அந்தத் துன்பத்தின் கனம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம். நான்கு நாள் விடுமுறையில் தானாகச் சீட்டு வாங்கிப் போகிற இந்த அம்மா செய்வது, அவர்களுக்கு வாய்க்காத வேறொரு காரியம்.

இனி அந்த ரயிலுக்கு வருகிறேன். கெமாஸிலிருந்து பகாவ் வரை 1910இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து காட்டை வெட்டி, ஆற்றுக்குப் பாலம் போட்டு, மலையைக் குடைந்து தும்பாட் வரை முழுப் பாதையும் இணைந்தது 1931இல். மொத்தம் 526 கிலோமீட்டர். அதன் பிறகு பத்து ஆண்டுதான் நிம்மதியாக ஓடியது. 1941இல் ஜப்பானியர் கிளந்தானில் இறங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தானா மேராவுக்கு அருகில் உள்ள குயில்மார்ட் பாலத்தைத் தகர்த்தது. 1948இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். அதற்குத் தேவைப்பட்ட இரும்புக்காக நம்முடைய இந்தப் பாதையைத்தான் பெரும்பகுதி பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரும்போடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். தோட்டம் தோட்டமாக வந்து, சம்பளமும் அரிசியும் கிடைக்கும் என்று சொல்லியும், சொல்லாமல் வளைத்துப் பிடித்தும், ஆயிரக்கணக்கான தமிழரைச் சரக்கு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டுபோனவர்கள் பலர். உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை. என் தகப்பனார் போர் முடிந்தபின் இந்தப் பாதையில் மறுபடியும் தண்டவாளம் போட்ட கூட்டத்தில் இருந்தார். "ரயில் ஏற்றிவிட்ட ஆளைத் திரும்பிப் பார்த்ததில்லை" என்று லயத்துக் கிழவிகள் சொல்வார்களாம்.

உங்கள் பாட்டி ரயிலில் ஏறாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலைமுறையில் ரயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட பல பெண்களை நான் அறிவேன். அச்சம் சில சமயம் வீட்டுச் சாமான் போல் கைமாறி வருகிறது. கொடுத்தவர் காரணத்தைச் சொல்லாமலே போய்விடுகிறார். அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பாதையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோலா லிப்பிஸைத் தாண்டிய பிறகு குவா மூசாங், டாபோங் பக்கம் வெகுதூரம் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர்கள் அழைத்துப் பார்த்து, பதில் வராமல், ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவதை நான் நிலையத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். நிலையத்துக்கே அழைத்து அழுதவர்கள் உண்டு. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை பேச முடியாது என்பதை முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். டாபோங்குக்குத் தெற்கே, கெமுபுவில், 2014 டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டுபோன ரயில் பாலத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்; பகலில் போனால் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பக்கம் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குளுவாங் தங்கை

அக்கா, வணக்கம். எனக்கு 29 வயது. ஐந்து ஆண்டுகளாகத் தனியாகப் பயணம் செய்கிறேன். இதுவரை எழுதியவர்கள் நல்லதையே சொன்னார்கள். நீங்கள் உள்ளதை உள்ளபடி கேட்டதால், எனக்கு நேர்ந்த கெட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு பட்டணத்தில், நான் தங்கியிருந்த விடுதியின் முகப்பில் இருந்தவர் என் அறை எண்ணைக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். எனக்கு அப்போதே மனத்தில் ஏதோ நெருடியது. ஆனால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று வாயைத் திறக்கவில்லை. மாலையில் சாப்பிடப் போனபோது, அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் என் பின்னால் வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். தெருவைக் கடந்தேன், அவனும் கடந்தான்.

நான் அறைக்குத் திரும்பவில்லை. வெளிச்சமாக இருந்த ஒரு பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, பணம் வாங்கும் இடத்தில் இருந்த மலாய்க்கார அக்காவிடம், "காக், என்னை ஓர் ஆள் பின்தொடர்கிறான்" என்று நேராகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைத் தன் பக்கம் உள்ளே வரச் சொல்லிவிட்டுத் தம் தம்பியை வாசலில் நிறுத்தினார். அரை மணி நேரத்தில் அவன் போய்விட்டான். அதன்பின் அந்த அக்காவும் தம்பியும் தங்கள் காரில் என்னை பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, அழைத்துப் போனார்கள். நான் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒருவரை மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது நம் நாட்டில் 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ் குற்றம் என்பதை இதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். என் விஷயம் ஒரே மாலையில் நடந்தது என்பதால் அது அந்தப் பிரிவில் அடங்குமா என்பது வேறு பேச்சு. ஆனாலும் எழுதிக் கொடுத்ததில் எனக்கு ஒரு தெம்பு வந்தது. அந்த இரவே வேறு விடுதிக்கு மாறினேன்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பழக்கம். அச்சம் வரும்போது, "இது எனக்கு இப்போது எதைக் காட்டுகிறது?" என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு முகம், ஒரு காலடி, ஒரு பூட்டாத கதவு என்று கையால் சுட்டிக்காட்டக் கூடிய ஒன்றை அது காட்டினால், நான் உடனே கீழ்ப்படிகிறேன். மரியாதையைப் பற்றி யோசிப்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் காட்டினால், அதைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறேன். முதல் முறை அந்த நெருடலுக்கு நான் செவிகொடுத்திருந்தால், "தயவுசெய்து வேறு அறை கொடுங்கள், எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்" என்று அங்கேயே சொல்லியிருப்பேன். இப்போது ஒவ்வொரு விடுதியிலும் அதைத்தான் சொல்கிறேன். கதவுக்கடியில் செருகும் மர ஆப்பு ஒன்றும் என் பையில் எப்போதும் இருக்கும். அவசரத்துக்கான 999 எண் எல்லாருக்கும் தெரியும். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பயணத்தை விட்டுவிடுவேன் என்று வீட்டில் நினைத்தார்கள். அந்த இரவில் என் மனத்தில் நின்றது அந்த ஆளின் முகம் இல்லை. கடைக்கார அக்கா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே இழுத்துக்கொண்டதுதான். இன்னும் பெருநாளுக்குப் பெருநாள் அவருக்கு வாழ்த்து அனுப்புகிறேன்; தீபாவளிக்கு அவர் எனக்கு அனுப்புகிறார்.

உங்கள் கடைசி அச்சத்துக்கு ஒரு யோசனை. தும்பாட் வரை ஒரேயடியாகப் போகாமல், முதலில் ஒரு பகல் வண்டியில் கோலா லிப்பிஸ் வரை போய்த் திரும்பிப் பாருங்கள். 1955 வரை பகாங்கின் தலைநகராக இருந்த ஊர் அது. நிலையத்தில் இறங்கினால் பழைய கடைத்தெரு நடக்கிற தூரத்தில்தான். இரண்டு ஆறுகள் கூடும் இடமும் உண்டு. ஓர் இரவு தங்கித் திரும்பினால் உங்களுக்கும் பழகிவிடும், அம்மாவுக்கும் பழகிவிடும். வண்டி நேரம் அடிக்கடி மாறுகிறது. சீட்டு வாங்கும்போது கேடிஎம் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக் கிராணி

அனைவருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

ரயில்வே ஐயா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். அன்று இரவு பதில் இல்லை. மறுநாள் காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது, தாமாகச் சொன்னார். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து அவரைக் கொண்டுபோனார்களாம். பாட்டி அப்போது சிறுமி. பகாவ் நிலையம் வரை பின்னாலேயே ஓடியிருக்கிறார். அதன்பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த அண்ணனின் பெயரை அம்மா அன்றுதான் என்னிடம் முதல்முறையாகச் சொன்னார். எங்கள் வீட்டுச் சாமி மேடையில் வைக்க அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. 36 ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் நான் கேட்டுத் தூங்கிய ஊதலைப் பாட்டி எப்படிக் கேட்டிருப்பார் என்பதை நினைத்து, அன்று வேலைக்கே போக முடியவில்லை.

ஒரு வாரம் பயண எண்ணத்தையே விட்டுவிட்டேன். போவது பாட்டிக்குச் செய்யும் அவமரியாதையோ என்றுகூடத் தோன்றியது. பிறகு அம்மாதான் ஒரு நாள், "லிப்பிஸ் வரை போவதாகச் சொன்னாயே, என்னவாயிற்று?" என்று கேட்டார். யாரோடு என்று கேட்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் வண்டியில் கோலா லிப்பிஸுக்குப் போய் ஓர் இரவு தங்கித் திரும்பினேன். ஆசிரியை அவர்களே, அறையில் நானும் தூங்கவில்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன். யாரும் தட்டவில்லை. மறுநாள் ஆறுகள் கூடும் இடத்துக்கு நடந்து போனேன். சொல்லும்படியாக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். மண்நிறத் தண்ணீர், ஒரு படகு, கரையில் சில வீடுகள். ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து போகலாம் என்று எனக்கே தோன்றும் வரை உட்கார்ந்திருந்தேன். அது எப்போது தோன்றும் என்பதைக் கவனித்துக்கொண்டிருப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று முன்பு கேட்டிருந்தேனே, இவ்வளவுதான் செய்தேன்.

போகும்போது ஒன்று கண்டேன். பகாவைத் தாண்டிச் சில நிமிடத்தில், செம்பனைக்கு நடுவே, எங்கள் பழைய லயம் இருந்த மேடு தெரிந்தது. லயம் இல்லை, முனியாண்டி கோயிலின் அரசமரம் மட்டும் நிற்கிறது. அந்தப் பக்கமிருந்து அதை நான் பார்த்ததே இல்லை.

குளுவாங் தங்கை, மர ஆப்பு வாங்கிவிட்டேன். லோரிக்கார அண்ணே, பூட்டும் வாங்கியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை இரவு வண்டியில் தும்பாட்டுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது. எந்த இடத்தில் பேச முடியாமல் போகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடுப்படியில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், அந்த வியாழக்கிழமைக் கட்டத்துக்குள், லிப்பிஸ், குவா மூசாங், டாபோங், கோல கிராய் என்று நான்கு ஊர்களின் பெயரையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.